கழிமுகக் கரை மீட்புப் பணி: நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வெள்ளத்திலிருந்து குடியிருப்புகளையும் கரைவாழ் உயிர்களையும் காக்கும் பொருட்டுக் கழிமுகக் கரையில் நாம் மேற்கொண்ட அலையாத்திக் காடு, மணல்மேடு மீட்புப் பணிகள் நிறைவுற்றதைக் குழு தெரிவித்துக்கொள்கிறது. இத்தகைய அறிக்கைகள் நட்ட கன்றுகளின் எண்ணிக்கையில் தொடங்குவதே வழக்கம். உழைப்பின் பெரும்பகுதி அடைபட்ட நீர்வழிகளைத் திறப்பதிலேயே செலவானதால், இவ்வறிக்கை அங்கிருந்து தொடங்குகிறது.

மரங்கள் வெட்டப்பட்ட நிலம் காலப்போக்கில் நடுவே தாழ்ந்து தொட்டிபோல் ஆகியிருந்தது. ஓதத்தின்போது, அதாவது கடல்மட்டம் நாள்தோறும் ஏறும் வேளையில், உள்ளே வந்த கடல்நீர் திரும்ப வழியின்றித் தேங்கி, வெயிலில் வற்றி, ஆண்டுதோறும் மண்ணில் உப்பைக் கூட்டிக்கொண்டே சென்றது. உப்பைத் தாங்கும் அலையாத்தி மரமான வெண்கண்டல்கூட அங்கே நிலைக்கவில்லை. பிச்சாவரத்திலும் இதே கேடு நேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதநீர் வந்து போக வழி செய்த பின்னரே காடு மீண்டது. அம்முறைப்படியே ஒரு தலைவாய்க்காலும், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகப் பிரியும் கிளைவாய்க்கால்களும் வெட்டினோம். வாய்க்கால் ஓரங்களில் நட்டவை போக, நீரோடு மிதந்து வந்த விதைகள் தாமாகவே வேரூன்றியிருப்பதையும் உறுப்பினர்கள் நேரில் காணலாம்.

முதற்கட்டத்தில் குழு இழைத்த தவறொன்றையும் மறைக்காமல் பதிவு செய்கிறோம். நீர் வற்றும்போது வெளியாய்க் கிடந்த தாழ்வான சேற்றுத்திட்டு நடுவதற்கு எளிதாகத் தோன்றியதால், அங்கே சுரபுன்னை என்னும் அலையாத்தி மரத்தின் கன்றுகளை வரிசையாக நட்டுவிட்டோம். நாளின் பெரும்பொழுது மூழ்கிக் கிடந்த கன்றுகளில் ஓடுடைய சிற்றுயிரான கொட்டலசு ஒட்டிப் படர, பெரும்பாலானவை சாய்ந்தன. அலையாத்திக்கு உரிய இடம் சராசரிக் கடல்மட்டத்துக்கு மேலே, உயர் ஓதம் எட்டும் எல்லைக்குள் அமைந்த நிலமாகும். பிலிப்பைன்ஸில் பெருஞ்செலவில் நடப்பட்ட கன்றுகளில் நெடுநாள் பிழைத்தவை பொதுவாக 10 முதல் 20 விழுக்காடு மட்டுமே என்பதும், தவறான இடத்தேர்வு அதற்கு ஒரு முதன்மைக் காரணம் என்பதும் முன்பே அறியக்கிடைத்த செய்திகள்தாம். நாம்தான் அவற்றைக் காலங்கடந்து படித்தோம். வலசை வரும் உள்ளான் பறவைகள் இரை தேடுவதும் அச்சேற்றுத்திட்டில்தான் என்பதால், அதனை இனி வெறுமையாகவே விட்டுவைக்க முடிவு செய்துள்ளோம்.

மணல்மேட்டில் சவுக்கு நட வேண்டுமென உறுப்பினர் சிலர் வற்புறுத்தினர். விரைவில் வளரும் மரம் என்பது உண்மையே. எனினும் ஆமைகள் முட்டையிடும் திறந்த மணலை அது நிழலாலும் சருகாலும் மூடிவிடும் என்பதால், மணலைப் பிடித்து நிறுத்தும் அடும்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் மட்டுமே நடப்பட்டன.

இக்காடு எவ்வளவு காக்கும் என்ற கேள்விக்குக் குழு மிகைப்படுத்தாமல் விடையளிக்க விரும்புகிறது. நூறு மீட்டர் அகலமுள்ள அலையாத்திக் காடு அலையின் உயரத்தை 13 முதல் 66 விழுக்காடு வரை குறைக்கும் என ஆய்வுகள் காட்டுகின்றன. புயலோடு எழும் கடல்மட்ட உயர்வைப் பொறுத்தவரை, ஒரு கிலோமீட்டர் அகலக் காட்டைக் கடக்கும்போது 5 முதல் 50 சென்டிமீட்டர் வரையே நீர்மட்டம் தணிகிறது. நமது காடோ குறுகியது, மரங்களும் இளையவை. ஆகவே நாள்தோறும் கரையை அரிக்கும் அலைக்கு அது வளர வளரத் தடுப்பாகுமே தவிர, பெரும்புயலின்போது எச்சரிக்கை வந்தவுடன் மேட்டுநிலப் புகலிடத்துக்குச் செல்லும் ஏற்பாட்டில் எதனையும் தளர்த்தலாகாது.

படகுகள் செல்லும் ஓடையை மீனவர்கள் கேட்டபடியே திறந்து விட்டிருக்கிறோம். வாய்க்கால் வாய்கள் வண்டலால் அடைபட்டால் பழைய உப்புநிலம் திரும்பிவிடும் என்பதால், எஞ்சிய தொகையைப் புதுக்கன்றுகளுக்குச் செலவிடாமல் ஆண்டுதோறும் தூர்வாருவதற்கென ஒதுக்கியுள்ளோம். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் எல்லாக் கிளைவாய்க்கால்களையும் நடந்து பார்த்துக் குறிப்பெழுத, குழுவுக்கு வெளியிலிருந்து இருவரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்துத் தர வேண்டுகிறோம்.

இவண்,
பணிக்குழுவினர்