நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பப்படும்.

பொங்கல் விழா, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகப் பை, தீபாவளிக்கு முதியோருக்கு அரிசி ஆகியவை வழக்கம்போல் நடந்தன. லயத்துச் சாலை விளக்கு மனு நிலுவையில் உள்ளது.

கல்யாணம், பிறப்பு ஆகியவற்றைப் பதிய உதவும் நம் பத்திர மேசை பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோவில் வாசலில் பாரம் (படிவம்) நிரப்பிக் கொடுப்பது சங்க வேலையா என்று செயலவையில் கேட்கப்பட்டது. பதில் குறிப்பேட்டில் ஏறட்டும். அனைத்துலகச் சமூகப் பணியாளர் கூட்டமைப்பு 2014இல் ஏற்ற வரையறை, மனித உரிமையைச் சமூகப் பணியின் மையத்தில் வைக்கிறது. அதன் 2018ஆம் ஆண்டு அறநெறிக் கொள்கைகள், மனிதரின் ஆன்மிக வாழ்வையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கின்றன. நம் தோட்டத்தில் இவை இரண்டும் மோதுவது தாலியில்தான்: கோவிலில் தாலி கட்டினாலே போதும் என்று பதிவை விட்டுவிடுகிறார்கள்.

மலேசியாவில் 1982 மார்ச் 1 முதல் கோவில் கல்யாணத்துக்கும் பதிவு கட்டாயம். தாய் வெளிநாட்டவராகவோ பத்திரம் இல்லாதவராகவோ இருந்து, கல்யாணமும் பதியப்படாமல் இருந்தால், இங்கே பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் வழிக் குடியுரிமை வராது. பிறகு பதிந்தாலும் தானாகச் சரியாகிவிடாது. அரசமைப்பின் 15ஏ விதிப்படி மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். எல்லாருக்கும் குடியுரிமை உண்டு என்னும் 1948ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனத்தின் 15ஆம் விதியைக் காட்டினால் பதிவிலாகா முகப்பில் வேலை நடக்காது. 1995இல் நாம் சேர்ந்த சிறுவர் உரிமை ஒப்பந்தத்திலேயே, பிறப்புப் பதிவையும் குடியுரிமையையும் பேசும் 7ஆம் விதிக்கு அரசு தனி நிபந்தனை போட்டிருக்கிறது. ஆகவே மணமக்களை முகூர்த்தத்துக்கு முன்பே பிடிக்க வேண்டும். பதிவிலாகாவில் அறிவிப்பு 21 நாள் ஒட்டியிருக்கும் என்பதால், ஐயரிடம் நாள் குறிக்க வருகிறவர்களை முதலில் மேசைக்கு அனுப்பக் கோவில் நிர்வாகம் ஒப்புக்கொண்டது. அதற்கு நன்றி.

பிறப்பை 60 நாளுக்குள் பதிய வேண்டும். தாண்டினால் தாமதப் பதிவு, விசாரணை, சாட்சி என்று நீளும். பதியாத கல்யாணமானால், தகப்பன் பெயர் ஏற இருவரும் சேர்ந்து கேட்க வேண்டும். அவர் வேலைக்குப் போய்விட்டார் என்று பாட்டி மட்டும் பிள்ளையைத் தூக்கி வந்தால் ஆகாது. அதிகம் இடறுவது பெயரில். கிளினிக் அட்டையில் ‘லெட்சுமி’, ஐசியில் (அடையாள அட்டையில்) ‘லக்ஷிமி’. பாரத்தில் ஐசியில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும்.

மேசையைக் கோவிலுக்குள் போடச் சொன்னவர்களுக்கு: தீட்டு வீட்டார் உள்ளே வரமாட்டார்கள், மாதவிலக்கான பெண்கள் தயங்குவார்கள், கிறிஸ்துவக் குடும்பங்கள் வாசலோடு திரும்பிவிடும். அதனால்தான் வேலிக்கு வெளியே தகரக் கொட்டகை. திருநீற்றுத் தட்டு மேசைமேல் வைப்பதில்லை. ஆனால் கையெழுத்துக்கு முன் அம்மனைக் கும்பிட்டு வருகிறேன் என்பவரை அவசரப்படுத்துவதும் இல்லை. வேண்டுதல் வைத்தால் பத்திரம் வந்துவிடும் என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. மறுபடியும் சொல்கிறேன், யாரும்.

ஞாயிறு முறைப்பட்டியலில் பெயர் கொடுத்த பலர் வரவில்லை. மழை, கல்யாணம், பந்து விளையாட்டு எனக் காரணங்கள் வந்தன, ஆள் வரவில்லை.

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறைய ஒட்டி நிற்கின்றன. நகல் எடுத்த செலவு கூடியது. விவரம் பொருளாளரிடம். சந்தா பாக்கி வைத்திருப்போர் பெயர்களைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் சொன்னதால் படிக்கவில்லை.

நன்கொடையாளர்கள், மகளிர் பிரிவு, சமையல் தந்த குடும்பங்கள் அனைவருக்கும் நன்றி.

கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை போக வேண்டும். பாக்கி அதற்குள் வந்தால் கணக்கில் சேரும். பத்திர மேசையை அடுத்த ஆண்டும் நடத்த இரண்டு பேராவது வேண்டும். மலாய் வாசிக்கத் தெரிந்தால் போதும். கொட்டகைச் சாவி என்னிடம் இருக்கிறது, கேட்பவருக்குத் தருகிறேன்.

செயலாளர்