மே மாதச் சம்பளமும் முழு வார வேலையும்: எங்கள் டிராயிங் டீச்சருக்காக ஒரு மனு

அனுப்புநர்
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
பள்ளி மேலாண்மைக் குழு,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி,
புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
பள்ளிக் கல்வித் துறை,
தலைமைச் செயலகம்,
சென்னை – 600 009.
(வழி: மாவட்ட ஆட்சித் தலைவர், புதுக்கோட்டை)

நாள்: ஜூன் 2025

பொருள்: பகுதிநேரச் சிறப்பாசிரியர்களுக்கு மே மாத ஊதியம், மருத்துவக் காப்பீடு, முழு வாரப் பணியுடன் காலமுறை ஊதியம் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவை எழுதச் சொல்லி எங்கள் பள்ளியின் ஓவிய ஆசிரியை எங்களிடம் கேட்கவில்லை. எழுதப் போகிறோம் என்று தெரிந்ததும், "வேண்டாம்க்கா, நான் ஒப்பந்தத்துல இருக்கறவ, ஏதாவது வந்துடப் போகுது" என்றுதான் சொன்னார். அதனால் அவர் பெயரை இதில் எங்கும் எழுதவில்லை.

மே மாதம் என் மகளின் காதணி விழாவுக்குத் துணி எடுக்கப் புதுக்கோட்டை கீழ ராஜ வீதிக்குப் போயிருந்தேன். ஒரு கடையில் பில் போடும் மேசையில் எங்கள் டிராயிங் டீச்சர் உட்கார்ந்திருந்தார். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள் "டீச்சர்!" என்று கூவிவிட்டாள். லீவில் வீட்டில் சும்மா இருப்பானேன் என்று வந்ததாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். காலை ஒன்பதரை மணிக்கு ஏறினால் இரவு கடை சாத்தும்வரை இறங்க முடியாத மேசை அது. பொழுது போகாதவர் யாரும் அங்கே போய் உட்கார மாட்டார். ஏப்ரல் சம்பளத்துக்குப் பிறகு அவருக்கு அடுத்த சம்பளம் ஜூன் முடிந்துதான் கைக்கு வரும், நடுவில் மே மாதத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பத்து மாதமாகக் குழுத் தலைவராக இருக்கிறேன். இதுகூடத் தெரியாமல் இருந்தது என் தவறு.

அதன்பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன். தங்கள் அலுவலகத்துக்கு இதெல்லாம் புதிது இல்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதிதாக இருந்தது. பகுதிநேரச் சிறப்பாசிரியர்களை நியமிக்கப் போவதாக 2011 ஆகஸ்ட் 26 அன்று சட்டப்பேரவையில் 110 விதியின்கீழ் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா அறிவித்தார். அதே ஆண்டு நவம்பர் 11 தேதியிட்டு அரசாணை எண் 177 வந்தது. ஓவியம், உடற்கல்வி, இசை, தையல், கணினி, தோட்டக்கலை போன்ற பாடங்களுக்கு 16,549 பணியிடங்கள். 2012 மார்ச்சில் வேலைக்குச் சேர்ந்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். 2014இல் அது 7,000 ஆனது. 2017இல் 7,700, 2021இல் 10,000, 2024இல் 12,500. சேர்ந்தவர்களில் இன்று மிஞ்சியிருப்பவர்கள் சுமார் 12,000 பேர். 12,500 ரூபாய் பதினோரு மாதத்துக்குத்தான் என்பதால், ஆண்டுக்குக் கணக்குப் பார்த்தால் மாதம் 11,458 ரூபாய்தான் வருகிறது.

இந்த மாதம் நடந்த குழுக் கூட்டத்தில் இதைப் பேச எடுத்தேன். எல்லோரும் உடனே தலையாட்டிவிட்டார்கள் என்று எழுதினால் அது பொய். இரண்டு மணி நேரம் சண்டைதான் நடந்தது. அங்கே வந்த எதிர்ப்புகளையும் தங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எப்படியும் கோட்டையிலும் யாராவது இதையே கேட்பார்கள்.

முதலில் எழுந்தவர் பெற்றோர் உறுப்பினரான ஒரு விவசாயி. "மூணு அரை நாளுன்னா மாசத்துக்குப் பன்னெண்டு அரை நாளு. பன்னெண்டாயிரத்து ஐந்நூறை வகுத்துப் பாருங்க, அரை நாளைக்கு ஆயிரம் ரூவாய்க்கு மேல வருது. என் வீட்டுக்காரி நூறு நாள் வேலைக்குப் போனா நாள் முழுக்க 336 ரூவா. அதுவும் எப்ப ஏறும்னு தெரியாது. நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்?" என்றார். கணக்கில் தப்பு இல்லை. சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

பதில் சொன்னது நாங்கள் யாரும் இல்லை, எங்கள் பள்ளியிலேயே பணியாற்றி ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியர். கல்வியாளர் என்ற முறையில் குழுவில் இருக்கிறார். அவர் கேட்டது ஒரே கேள்வி: "திங்கள், புதன், வெள்ளி காலையில இங்க வரணும். மிச்ச நேரத்துக்கு அந்தப் பொண்ணுக்கு எவன் வேலை குடுப்பான்?" உண்மைதான். நேரத்தைத் துண்டு துண்டாக நறுக்கி வாரம் பூராவும் இறைத்துவிட்டால் மிச்ச நேரம் அவருக்கும் உதவாது. மே மாதம் முழுசாகக் கிடைப்பதால்தான் அந்த ஜவுளிக்கடையே அவரைச் சேர்த்துக்கொண்டது. நடுவாண்டில் வாரத்துக்கு மூன்று நாள் காலையில் வர மாட்டேன் என்றால் எந்தக் கடைக்காரர் சம்மதிப்பார்?

தவிர, மூன்று அரை நாள் என்பது தாளில் உள்ள கணக்கு. கலைத் திருவிழா வந்தால் ஒன்றிய அளவிலும் மாவட்ட அளவிலும் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்வதும் கூட்டிப் போவதும் அவர்தான். சின்ன வகுப்புப் பிள்ளைகளின் எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்புக்கு அட்டைப் படம் வேண்டுமா, ஆண்டு விழாவுக்கு மேடை வேண்டுமா, குடியரசு தினத்துக்குக் கோலம் வேண்டுமா, அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். ஆசிரியர் ஒருவர் விடுப்பு எடுத்தால் அந்த வகுப்பையும் பார்த்துக்கொள்கிறார். கடந்த ஆண்டில் அவர் முழு நாளும் பள்ளியில் இருந்த நாட்களைப் பிள்ளைகளே எண்ணிச் சொன்னார்கள். அந்த எண்ணிக்கையை எழுதினால் பள்ளிக்குக் கெட்ட பெயர் வருமே என்று தலைமையாசிரியர் தயங்கினார், நானும் விட்டுவிட்டேன். அவர் கட்டாயப்படுத்தி வாங்கிய வேலை இல்லை அது. ஒரு பள்ளியில் அப்படித்தான் வேலை இருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது எதிர்ப்பு எனக்கு இன்னும் கடினமாக இருந்தது. குழுவில் உள்ள ஒரு தாய் பி.எட். படித்து, டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேறியவர். 2018இல் வந்த அரசாணை 149ஆல், டெட் தேறிய பிறகும் நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்ற நிலையில் உட்கார்ந்திருக்கிறார். "நான் ரெண்டு பரீட்சை எழுதணும். இவங்க நேர்முகத் தேர்வு மட்டும் முடிச்சிட்டு உள்ள வந்தவங்க. இவங்களை நிரந்தரம் பண்ணுங்கன்னு நான் எப்படிக்கா கையெழுத்துப் போடுவேன்?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அவர் மனசு புண்படாமல் என்ன பதில் சொல்வதென்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. ஆனால் அந்த நேர்முகத் தேர்வை நடத்தியது அரசு. ஓவிய உயர்நிலைத் தேர்வும் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சியும் முடித்தவர்கள் என்று பார்த்து எடுத்ததும் அரசு. பதின்மூன்று ஆண்டு வேலை வாங்கிவிட்டு, இப்போது நாற்பதைத் தாண்டி நிற்பவரிடம் நீ வந்த வாசல் சரியில்லை என்றால் அவர் எங்கே போவார்?

முன்னாள் மாணவர் பிரதிநிதியாக உள்ள தம்பி சட்டம் படிக்கிறார். ஒப்பந்தக்காரர்களை நிரந்தரமாக்கக் கூடாது என்பதற்கு 2006இல் வந்த உமாதேவி வழக்குத் தீர்ப்பைத்தான் எப்போதும் காட்டுவார்கள் என்று அவரே எடுத்துச் சொன்னார். கூடவே, 2024 டிசம்பர் 20 அன்று ஜக்கோ வழக்கில், மத்திய நீர் ஆணையத்தில் பல்லாண்டுகள் துப்புரவு வேலையும் தோட்ட வேலையும் செய்து வந்தவர்களைப் பணிவரன்முறை செய்ய உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதையும், உமாதேவி தீர்ப்பைத் தொழிலாளர்களுக்கு எதிரான ஆயுதமாக ஆக்கக் கூடாது என்று அதில் கண்டித்திருப்பதையும் சொன்னார். அந்த வழக்கிலும் சிலர் பகுதிநேரம் என்றே வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள்தானாம்.

நம் மாநிலத்திலேயே முன்னுதாரணம் இருக்கிறது. தொகுப்பூதியத்தில், அதாவது மாதம் ஒரே நிலையான தொகைக்கு, எடுக்கப்பட்ட ஆசிரியர்கள் 2006 ஜூன் 1 முதல், படிகளும் ஆண்டு உயர்வும் உள்ள காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். எங்கள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியருடன் வேலை பார்த்தவர்களில் இரண்டு பேர் அப்படி வந்தவர்கள். 2021 தேர்தல் அறிக்கையில் 181ஆவது வாக்குறுதியாகப் பகுதிநேர ஆசிரியர்களைப் பணி நிரந்தரம் செய்வோம் என்று ஆளுங்கட்சி சொன்னதும் இந்த ஊரில் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் எங்கள் பள்ளிச் சுவர் ஓரம் நின்றுதான் அதைச் சொன்னார்கள். கட்சி அரசியலைத் தங்களிடம் பேசுவது முறையில்லை என்பதால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் உள்ள பள்ளியில் கலை, உடற்கல்வி, பணிக் கல்விக்குப் "பகுதிநேரப் பயிற்றுநர்" என்றுதானே இருக்கிறது, அதற்கு மேல் எப்படிக் கேட்க முடியும் என்றும் ஒருவர் சொன்னார். சட்டத்தைத் தம்பி படித்துக் காட்டினார். அது பள்ளிக்கு இருக்க வேண்டிய குறைந்த அளவைச் சொல்கிறது. மாநில அரசு அதற்கு மேல் தரக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. எங்கள் பள்ளியில் அந்த மூன்று வகுப்பிலும் சேர்த்து இந்த ஆண்டு நூற்று மூன்று பேர். நான்கு குடும்பம் திருப்பூருக்குக் குடிபெயர்ந்தால் எண்ணிக்கை நூறுக்குக் கீழே போய்விடும். அப்போது இந்த ஆசிரியையை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்களோ என்ற பயமும் எங்களுக்கு உண்டு.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். இவர்களின் சம்பளம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வருகிறது; நூற்றுக்கு அறுபது ஒன்றிய அரசு, நாற்பது மாநில அரசு. ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் மாநில அரசு கையெழுத்திடவில்லை என்பதற்காக 2024-25க்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்திருக்கிறது. சென்ற மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றம் போயிருக்கிறது. அந்த வழக்கில் மாநிலம் வெல்ல வேண்டும் என்றே விரும்புகிறோம். ஆனால் 2024 செப்டம்பரில் இத்திட்டத்தின்கீழ் வேலை பார்ப்பவர்களின் சம்பளம் தாமதமானபோது, டெல்லிக்கும் சென்னைக்கும் நடக்கும் இழுபறியில் மாட்டிக்கொண்டது அவர்கள் வீட்டு மளிகைக் கடைக் கணக்குதான். மாநில அரசு இந்தச் சம்பளத்தைத் தன் சொந்த நிதியிலிருந்து மாதம் தவறாமல் கொடுத்துவிட்டு, ஒன்றிய அரசிடம் பிறகு வசூலித்துக்கொள்ளலாமே.

ஆகவே ஐயா, எங்கள் கோரிக்கை இது. மே மாத ஊதியத்துக்கு உடனே ஆணையிடுங்கள். முடிந்துபோன இந்த மே மாதத்துக்கும் நிலுவையாக வழங்குங்கள். இதற்குப் பெரிய கொள்கை முடிவு எதுவும் தேவையில்லை என்று நினைக்கிறோம். 2023 அக்டோபரில் அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழி அறிவித்த பத்து லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடு எங்கள் ஆசிரியையின் கைக்கு இன்னும் அட்டையாக வரவில்லை. அதையும் பெற்றுத் தாருங்கள். இந்த இரண்டுக்கும் எங்கள் குழுவில் ஓர் எதிர்ப்பும் இல்லை.

மூன்றாவது, வாரம் ஐந்து நாளும் முழு நேரம் பள்ளியில் வேலை கொடுத்துக் காலமுறை ஊதியத்தில் அமர்த்துங்கள். சிறப்பாசிரியரின் அடிப்படை ஊதியம் 20,600 ரூபாயில் தொடங்குகிறது. விவசாயி உறுப்பினர் போட்ட கணக்குக்கும் அதுதான் பதில்: அரை நாளுக்கு ஆயிரம் அதிகம் என்றால் நாள் முழுக்க வேலை வாங்குங்கள், எங்கள் பிள்ளைகளுக்கு அது லாபம். இப்போது ஆறாம் வகுப்புக்கு வாரத்தில் ஒரே ஒரு பாடவேளை ஓவியம் கிடைக்கிறது. வண்ணம் கரைத்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. டெட் தேறிக் காத்திருப்பவர்களின் இடத்தை இது பறிக்காது. அவர்கள் காத்திருப்பது வேறு பாடங்களுக்கு. அவர்களுக்காகத் தனி மனு ஒன்று எழுதித் தருவதாக அந்தச் சகோதரியிடம் சொல்லியிருக்கிறேன்.

இருபத்து நான்கு பேர் குழுவில் பத்தொன்பது பேர் கூட்டத்துக்கு வந்தார்கள். பதினெட்டுப் பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். டெட் தேறிய சகோதரி கையெழுத்திடவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. விவசாயி உறுப்பினர் தம் கையெழுத்துக்குப் பக்கத்தில் "மே மாதத்துக்கும் இன்சூரன்சுக்கும் மட்டும்" என்று எழுதியிருக்கிறார். அதை அடிக்காமல் அப்படியே அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், பள்ளி மேலாண்மைக் குழு

இணைப்பு: உறுப்பினர்கள் கையெழுத்துப் பட்டியல்; குழுக் கூட்டத் தீர்மான நகல்