ஜூலை 26 அன்று சேற்றில் இறங்கியவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

உலக அலையாத்திக் காடுகள் தினத்தன்று பிச்சாவரத்தில் தூர்ந்துபோன வாய்க்காலை வெட்டக் கைகொடுத்த எல்லோருக்கும் கிள்ளை இளைஞர்கள் சார்பில் நன்றி.

முதலில் வனத்துறை ஊழியர்களுக்கு. அனுமதி தந்ததோடு, எந்த வாய்க்காலை எவ்வளவு ஆழம் வெட்டலாம் என்று கூடவே நின்று காட்டினார்கள். "மரக்கன்று நடாமல் என்ன சுற்றுச்சூழல் விழா?" என்று பலர் கேட்டார்கள். சரி, போட்டோவுக்குக் கன்றுதான் அழகு. ஆனால் ஒருகாலத்தில் மொத்தமாக மரம் வெட்டிய இடங்களில் தரை காய்ந்து அமுங்கிப் பள்ளமாகிவிட்டது. ஏறிவந்த கடல்நீர் திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கி, வற்றி, மண்ணில் உப்பு ஏறிவிடுகிறது. அங்கே கன்று நட்டால் கருகத்தான் செய்யும். மீன்முள் போலக் கிளைபிரியும் வாய்க்கால்களை வெட்டி நீரோட்டத்தைத் திருப்பிக் கொண்டுவந்துதான் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் இங்கே காட்டை மீட்டன. அந்த வாய்க்கால்களில் வண்டல் சேரும்போது யாராவது இறங்கி வாரத்தானே வேண்டும்?

இந்தத் தினம் எப்படி வந்தது என்று படகுத்துறையிலேயே உட்கார்ந்து சொன்ன பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மாணவர்களுக்கு அடுத்த நன்றி. தென் அமெரிக்காவில் ஈக்வடார் நாட்டின் முயிஸ்னே என்ற ஊரில், இறால் குட்டையை அகற்றி அந்த இடத்தை மறுபடி அலையாத்திக் காடாக்க மக்கள் திரண்டார்கள். 1998 ஜூலை 26 அன்று அந்தப் போராட்டத்தில் நின்ற கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் தொண்டர் ஹேஹோ டேனியல் நானோட்டோ மாரடைப்பால் இறந்தார். அவர் நினைவாக அங்கே அனுசரித்து வந்த நாளைத்தான் 2015இல் யுனெஸ்கோ உலக தினமாக்கியது. இறால் பண்ணைகளை எதிர்த்து சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் ஐயா உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பு வாங்கியதைப் பார்த்த கடற்கரை இது. முயிஸ்னே கதையை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் பிச்சாவரம் சேர்ந்த அறிவிப்பு 2022இல் வந்ததும் இதே தேதியில்தான்.

இருளர் குடியிருப்பு அக்காக்கள் இல்லையென்றால் நாங்கள் இடுப்பளவு சேற்றில் மாட்டியிருப்போம். பறி என்ற ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு தண்ணீரைத் துழாவிக் கையால் இறால் பிடிப்பவர்களுக்கு எந்த இடத்தில் கால் புதையும் என்பது அத்துப்படி. கடல்நீர் இறங்கியிருக்கும் வத்தம் முடிந்து தண்ணீர் ஏறுவதற்குள் எங்களைக் கரையேற்றியதும் அவர்கள்தான். காலைச் சவாரியை விட்டுவிட்டுத் துடுப்புப் போட்ட படகுக்கார அண்ணன்களுக்கும், கேப்பைக்கூழும் கருவாடும் கொடுத்த அம்மாக்களுக்கும், பேப்பர் கப் வேண்டாமென்று சில்வர் டம்ளர் அனுப்பிய டீக்கடைக்கும் நன்றி.

பேசிவைத்த மைக் செட் வரவில்லை. அதனால் யாரும் நீளமாகப் பேசவில்லை. அதற்கும் ஒரு நன்றி!

வரவு செலவுக் கணக்கை டீக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். யாரோ விட்டுப்போன மண்வெட்டியும் ஒற்றைச் செருப்பும் அங்கேயே இருக்கின்றன. உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கிள்ளை இளைஞர்கள்,
கடலூர் மாவட்டம்