கணக்கு ஆசிரியராகப் போகும் தம்பிக்கு

அன்புத் தம்பி,

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் கொடுக்கப்போகும் இடுபணியை (அசைன்மென்ட்) அனுப்பி, "அக்கா, பார்த்துச் சொல்லுங்க" என்றாய். பார்த்தேன். பெற்றோரோடும் மாணவர்களோடும் தொடர்புகொள்ள ஏழு செயலிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணக் கட்டம். விரிவுரையாளருக்கு நிச்சயம் பிடிக்கும். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கும் எனக்கு அதில் ஒன்றோ இரண்டோதான் தேறும். உன் கூட்டாளிகளும் படிக்கட்டும் என்றுதான் பதிலைப் பொதுவில் போடுகிறேன்.

முதலில் நீ போகப்போகும் இடத்தைப் பற்றி. தோட்டப் பள்ளி என்றதும் லயத்து வீட்டிலிருந்து நடந்து வரும் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளாதே. பல பள்ளிகளில் தோட்டம் இப்போது பெயரில்தான் இருக்கிறது. செம்பனைக் குலை வெட்டுவது பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நம் குடும்பங்கள் தாமானுக்கு, அதாவது வெளியே உள்ள வீடமைப்புப் பகுதிக்குப் போய்விட்டன, பிள்ளைகள் வேனில் வருகிறார்கள். அப்பா ஈப்போவில் தொழிற்சாலை ஷிஃப்ட், அம்மாவும் வேலைக்குப் போகிறார், வீட்டில் பாட்டி. நல்ல கைப்பேசி ஒன்றுதான், அதுவும் காலையிலேயே அப்பாவோடு போய்விடும். பள்ளிக்கு மாணவர்கள் கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்பது உனக்கே தெரியும். ஆக, மத்தியானம் நீ அனுப்பும் செய்தியைப் பிள்ளை பார்க்கும்போது இரவு எட்டு, ஒன்பது ஆகிவிடும், அப்பாவுக்கு இரவு ஷிஃப்ட் என்றால் மறுநாள்தான். நீயோ உன் திட்டத்தில் "மாலை 6 மணிக்குள் சமர்ப்பிக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறாய். இரண்டு நாள் கொடு.

செயலிகளைப் பற்றி ரொம்ப அலட்டிக்கொள்ளாதே. எங்களுக்கு ஒரு காலத்தில் ஃபுரோக் விஎல்இ என்ற இணையக் கற்றல் தளம் வந்தது, 2019இல் அது போய் கூகல் கிளாஸ்ரூம் வந்தது, 2020 மார்ச் 18ஆம் தேதி கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிய சில மாதங்களில் கல்வி அமைச்சின் டெலிமா தளம் வந்தது. நீ நிரந்தர ஆசிரியர் ஆவதற்குள் இன்னொன்று வரலாம். அமைச்சு எதைச் சொல்கிறதோ அதைப் பழகிக்கொள், பதிவுகளை அதில் வை. ஆனால் வீட்டோடு பேசுவதற்கு வாட்ஸ்அப்தான், ஏனென்றால் அது ஏற்கெனவே அந்த வீட்டுக் கைப்பேசியில் இருக்கிறது, கடவுச்சொல் மறந்துபோகாது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். மற்றப் பாடங்களைவிட நமக்கு இதில் சிக்கல் அதிகம். கட்டுரையைத் தட்டெழுதி அனுப்பலாம், பின்னத்தை எப்படி அனுப்புவான் ஒன்பது வயதுப் பையன்? ஒன்றரையை எழுத 1, இடைவெளி, 1/2 என்று தட்ட வேண்டும். இடைவெளி விட்டுப்போனால் அது 11/2. கூகல் படிவத்தில் நீ விடையை 1/2 என்று பதித்திருந்தால், 2/4 என்று போட்ட பிள்ளைக்கும் 0.5 என்று போட்ட பிள்ளைக்கும் தவறு என்று காட்டும், அந்த விடைகளையும் நீ முன்கூட்டியே சேர்த்திருந்தால் தவிர. பிள்ளை அழுதுகொண்டு வந்து நிற்கும், அதற்குத் தெரிந்த கணக்கே அதற்குச் சந்தேகமாகிவிடும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. 402இலிருந்து 178ஐக் கழிக்கச் சொன்னால் சில பிள்ளைகள் 376 என்று எழுதுவார்கள். படிவம் அதைத் தவறு என்று மட்டும் சொல்லும். நோட்டைப் பார்த்தால்தான் தெரியும்: மேலே 2, கீழே 8, இரண்டிலிருந்து எட்டு போகாதே என்று எட்டிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறது, பத்தாமிடத்திலும் அதையே செய்திருக்கிறது. கடன் வாங்குவது புரியவில்லை, மற்றதெல்லாம் தெரியும். இன்னொரு பிள்ளை வெறும் கவனக்குறைவால் 224க்குப் பதில் 234 என்று எழுதியிருக்கும். இரண்டு பேருக்கும் ஒரே சிவப்புக் குறி. அதனால் விடையை மட்டும் கேட்காதே, செய்த வழியைப் படம் பிடித்து அனுப்பச் சொல். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், லேசான பென்சில் எழுத்து அதில் காணாமலே போய்விடும். 2பி பென்சிலால் அழுத்தி எழுதி, பக்கத்துக்கு ஒரு கணக்காகப் போட்டு, வெளிச்சத்தில் வைத்து எடுக்கச் சொல். ஐந்து கணக்கு போதும். முப்பது பிள்ளை இருந்தால் எத்தனை படம் என்று கணக்குப் போட்டுப் பார், நீ கணக்கு ஆசிரியர்தானே!

பதிலுக்கு எழுதாதே, பேசு. குரல் பதிவு, தமிழில், ஒரு நிமிடத்துக்குள். "உங்க மகளுக்குப் பெருக்கல் நல்லா வருது, கழித்தலில் பக்கத்து இடத்திலிருந்து கடன் வாங்கும்போதுதான் தடுமாறுது" என்று சொன்னால் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பார்கள், பாட்டியும் கேட்பார். இதில் இன்னொன்றையும் கவனி. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின, அதைக் கைவிடப் போவதாக 2009இல் அறிவித்தார்கள். அந்த இடைப்பட்ட காலத்தில் முதலாம் ஆண்டில் சேர்ந்தவர்கள்தான் இப்போதைய இளம் பெற்றோரில் சிலர். அவர்கள் கணக்கைக் கற்றது ஆங்கிலத்தில், பிள்ளை கற்பது தமிழில். பின்னத்தின் மேல் எண்ணைத் தொகுதி, கீழ் எண்ணைப் பகுதி என்று நீ பேசினால் படித்த அப்பாகூட விழிப்பார், வெட்கப்பட்டுக் கேட்கவும் மாட்டார். தாளில் ஒரு பின்னத்தை எழுதி, மேலே இருப்பது, கீழே இருப்பது என்று விரலால் காட்டி ஒரு சின்னக் காணொளி எடுத்து அனுப்பு. உன் முகம் தெரிய வேண்டியதில்லை, கை தெரிந்தால் போதும்.

ஆறாம் ஆண்டில் எழுதிவந்த யூபிஎஸ்ஆர் அரசாங்கத் தேர்வை 2021இல் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் "எத்தனை ஏ வாங்குவான் டீச்சர்?" என்ற கேள்வி இன்னும் வருகிறது. பள்ளி மதிப்பீட்டில் புள்ளிக்குப் பதிலாகப் போடும் அடைவு நிலையை, மூன்று என்று எழுதி அனுப்பினால் அவர்களுக்கு ஒன்றும் விளங்காது. ஜனவரியில் எழுதிய ஒரு கணக்கையும் இந்த மாதம் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமாக அனுப்பு. இதை உன் இடுபணியிலும் சேர்த்துக்கொள், வண்ணக் கட்டம் ஒன்றைக் குறைத்துவிட்டு.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவைப் பற்றிச் சுருக்கமாக. பிள்ளையின் புள்ளியையோ தவறான கணக்கையோ குழுவில் போடாதே, அது அந்த வீட்டுக்கு மட்டும் தனியாகப் போகட்டும். காலை வணக்கப் பூப்படங்கள் வரும், பொறுத்துக்கொள். இரவு 9 மணிக்கு மேல் பதில் போடாதே. ஒருநாள் போட்டால் தினமும் எதிர்பார்ப்பார்கள், நம் ஊர் ஆட்கள் அப்படித்தான்.

பிராக்டிக்கம், அதாவது பள்ளியில் கற்பித்தல் பயிற்சி தொடங்கியதும் நீயாகப் புதுக் குழு ஆரம்பிக்காதே. தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, வகுப்பாசிரியரின் குழுவிலேயே சேர்ந்துகொள். எந்த வீட்டில் எத்தனை மணிக்குக் கைப்பேசி இருக்கும் என்று அவரிடமே கேட்டு நோட்டில் குறித்து வை. இடுபணியைத் திருத்தியதும் மறுபடி அனுப்பு, சனிக்கிழமை படிக்கிறேன்.

அக்கா