வீட்டு இணைப்பும் நம் உரிமையும்: தோழிக்கு ஒரு கடிதம்

செம்பூர், மும்பை

அன்புள்ள செண்பகம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்பதைப் படித்தபின்தான் எனக்கு நிம்மதி. இங்கு அனைவரும் நலம். மாலை நேரக் கணக்கு வகுப்புகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். பிள்ளைகள் ஆர்வமாகப் படிக்கிறார்கள். என்னை வாட்டுவது வீட்டு இணைய இணைப்பு ஒன்றுதான். இதை உன்னைத் தவிர வேறு யாரிடமும் இவ்வளவு விரிவாகச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் பகுதியின் பழைய குடியிருப்புகளில், இணையத்தைக் கொண்டுவரும் ஃபைபர் எனும் கண்ணாடி இழைக் கம்பி நிலத்தடியில் வருவதில்லை. தெருமுனைப் பெட்டியிலிருந்து ஒரு மொட்டை மாடிக்கு ஏறி, அங்கிருந்து அடுத்த மாடி, அதற்கடுத்த மாடி என்று அந்தரத்தில் தொங்கியபடியே வீடு வந்து சேர்கிறது. மழைக்காலக் காற்றில் ஒரு கிளை முறிந்து விழுந்தால் போதும், ரௌட்டர் பக்கத்தில் இருக்கும் சிறு பெட்டியில் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கிவிடும். அறுந்த ஃபைபரைச் செம்புக் கம்பி போல் முறுக்கி இணைக்க முடியாது. வழக்கமாக அதற்கென உள்ள எந்திரத்தால் உருக்கி ஒட்ட வேண்டும். அந்த எந்திரமோ பல கட்டிடங்களுக்குப் பொதுவானது என்று லைன்மேன் சொல்கிறார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. அவர் நிறுவனத்தின் ஊழியர்கூட அல்லர், உள்ளூர் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்ப்பவர்; கொட்டும் மழையில் ஈரமான மாடிச் சுவரில் ஏறி நிற்பவரும் அவர்தான். என் கோபமெல்லாம், தொலைபேசியில் அழைத்தால் "ரௌட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்" என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, ஆள் வருமுன்பே "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி அனுப்பிவிடும் நிறுவனத்தின் மீதுதான்.

வேகத்தைப் பற்றிய விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒரு காணொளி வகுப்புக்கு நொடிக்கு மூன்று, நான்கு மெகாபிட் தாராளமாகப் போதும். அது விட்டுவிடாமல் வர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நமக்கு விற்கப்படுவதோ "300 மெகாபிட் வரை" என்ற எண். அந்த "வரை"க்குக் கீழே எவ்வளவு குறைந்தாலும் வாக்குத் தவறியதாக ஆகாது. நம் நாட்டில் பிராட்பேண்டுக்கான குறைந்தபட்ச வேகம் 2004ஆம் ஆண்டின் கொள்கையில் 256 கிலோபிட்டாக, அதாவது ஏறத்தாழ கால் மெகாபிட்டாக, இருந்தது; 2023இல் அது 2 மெகாபிட் ஆனது. அந்த வரையறையும் வேகத்தைத்தான் அளக்கிறது. வகுப்பின் நடுவில், ஒரு சமன்பாட்டின் பாதியில், பிள்ளைகளின் முகங்கள் உறைந்து நின்றுவிடும் அந்த மாலையை அது அளப்பதில்லை.

இதில் எனக்கு மிகவும் தவறாகப்படுவது ஒன்று உண்டு. கைப்பேசி நிறுவனம் பிடிக்கவில்லையென்றால் எண்ணை மாற்றாமலேயே வேறு நிறுவனத்துக்கு மாறும் உரிமை 2011 ஜனவரி முதல் நாடு முழுவதும் நமக்கு இருக்கிறது. வாடிக்கையாளர் விலகிப் போகக்கூடும் என்ற அச்சம் ஓரளவுக்கேனும் அந்த நிறுவனங்களை ஒழுங்காக வைத்திருக்கிறது. வீட்டு இணைப்பிலோ அந்த அச்சத்துக்கே இடமில்லை. எங்கள் கட்டிடத்துக்குள் எந்த நிறுவனத்தின் கம்பி நுழையலாம் என்பதைக் குடியிருப்புச் சங்கம் என்றோ ஒருநாள் முடிவு செய்துவிட்டது. அந்த ஒரே நிறுவனத்திடம்தான் எல்லா வீடுகளும் வாங்கியாக வேண்டும். நம் நாட்டுக்கு இணையத்தைக் கொண்டுவரும் கடலடிக் கேபிள்களில் பெரும்பகுதி இந்த மும்பையில்தான், அதிலும் வெர்சோவா பக்கத்தில், கரையேறுகிறது. உலகத்தோடு நாட்டை இணைக்கும் நகரத்தில் இருந்துகொண்டு, எதிர்க் கட்டிடத்தில் நன்றாக இயங்கும் ஓர் இணைப்பை என் வீட்டுக்கு இழுக்க முடியாமல் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நம்பிக்கை தரும் செய்திகளும் உண்டு. தொலைத்தொடர்பு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் டிராய் ஆணையம் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட சேவைத் தர விதிகளின்படி, வீட்டு இணைப்பின் பழுது மூன்று நாட்களுக்குள் சரிசெய்யப்படாவிட்டால் வாடிக்கையாளருக்கு ஈடு தர வேண்டும். ஒரு மாவட்டத்தில் கைப்பேசிச் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் முடங்கினாலும் கட்டணக் குறைப்போ கால நீட்டிப்போ உண்டு. அதே ஆண்டு அக்டோபரில், இணைய வசதியைப் பொறுத்துக் கட்டிடங்களுக்கு நட்சத்திர மதிப்பீடு வழங்கும் விதிமுறையும் வந்தது. புதிய கட்டிடங்கள் கட்டுவோர் இனி இதை எண்ணிப் பார்ப்பார்கள். எங்களைப் போன்ற பழைய குடியிருப்புகளுக்குத்தான் விடிவு தாமதமாகும். தனிப்பட்ட புகார்களை டிராய் விசாரிப்பதில்லை. நிறுவனத்திடம் புகார் செய்து, பிறகு அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பிடம் போக வேண்டும். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் நீதிமன்றங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915ஐயும் குறித்து வைத்துக்கொள்.

உன் அம்மாவின் பொத்தான் கைப்பேசியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒருநாளும் பயன்படுத்தாத டேட்டாவுக்கும் சேர்த்து அவர் பணம் கட்டுவதாக எழுதியிருந்தாய். பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களைக் கட்டாயம் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. கடைக்காரர் தாமாகச் சொல்லமாட்டார். நீயே கேட்டு வாங்கு. 28 நாள் திட்டம் போட்டால் ஆண்டுக்குப் பதின்மூன்று முறை பணம் கட்ட நேரும். ஆகவே ஓராண்டுத் திட்டம் கிடைத்தால் அதையே எடு.

அடுத்த மாதம் எங்கள் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழு கூடுகிறது. உரிமம் பெற்ற எந்த நிறுவனமும் முறையான குழாய்வழியே கட்டிடத்துக்குள் கம்பி இழுக்க அனுமதி தர வேண்டும் என்று ஒரு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறேன். மூன்றாம் மாடித் தமிழ்க் குடும்பமும், கீழ்த்தளத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மராட்டிய இளைஞரும் கையெழுத்திட ஒப்புக்கொண்டார்கள். செயலாளர் தயங்குகிறார். அவரிடம் மறுபடியும் பேசுவேன்.

ஊராட்சிகளை இணையத்தில் இணைக்கும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தில், தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுவரும் வேலையைத் தமிழக அரசு நிறுவனமான டான்ஃபிநெட் செய்துவருகிறதே, உங்கள் ஊராட்சி அலுவலகத்துக்கு அது வந்துவிட்டதா? வந்திருந்தால் பள்ளிக்கும் வீடுகளுக்கும் அங்கிருந்து இணைப்பு தருகிறார்களா என்று விசாரித்து எழுது. உங்கள் ஊர்ப் பிள்ளைகள் நான்கைந்து பேருக்கு இங்கிருந்தே கணக்குச் சொல்லித்தர எனக்கு விருப்பம். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன் அன்புத் தோழி,
மல்லிகா