மாமா இல்லாத பிள்ளைகளுக்குக் கல்லூரியின் பெயர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொறியியல் கலந்தாய்வு நெருங்கினாலே, பள்ளி விழா மேடைகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரு வாசகம் சுற்றத் தொடங்கிவிடும்: "எந்தக் கல்லூரியில் படித்தால் என்ன, நன்றாகப் படித்தால் போதும்." அரூர் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் கணக்கு டீச்சராக இருந்த நானும் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொன்னதால் ஒரு பையனுக்கு என்ன ஆனது என்று பார்த்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

2018. கலந்தாய்வு ஆன்லைனுக்கு மாறிய வருடம். அதற்கு முன்பெல்லாம் சென்னைக்கு பஸ் ஏறி, அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் உட்கார்ந்து, திரையில் மீதமுள்ள இடங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அலைச்சல்தான், ஆனால் அங்கே பக்கத்தில் இருப்பவரிடமாவது விசாரிக்கலாம். அந்த வருடம் என் மாணவன் ஒருவன் 200-க்கு 187 கட்-ஆஃப் வாங்கியிருந்தான். அப்பா மரவள்ளிக் கிழங்கு மில்லில் மூட்டை தூக்குபவர். அவர் பையனைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, "நீங்களே சொல்லுங்க டீச்சரம்மா, எங்க சேக்கலாம்?" என்று கேட்டார். சேலம் அரசுப் பொறியியல் கல்லூரி, கோவை ஜிசிடி (அரசு தொழில்நுட்பக் கல்லூரி) போன்றவற்றை முயன்று பார்க்கக்கூடிய மதிப்பெண் அது. ஆனால் ஹாஸ்டல், சாப்பாடு, போக்குவரத்துச் செலவை நினைத்து அவர் பயந்தார். வீட்டுப் பக்கமாகவே பஸ் அனுப்பும் ஒரு தனியார் கல்லூரியிலிருந்து ஆள் வந்து ஏற்கெனவே பேசிவிட்டுப் போயிருந்தார். நானும் அந்த வாசகத்தைச் சொன்னேன். மறுநாள் பிரவுசிங் சென்டரில் விருப்பப் பட்டியலில் அந்தக் கல்லூரியை முதலில் போட்டுவிட்டார்கள். முதலில் போட்டது கிடைத்துவிட்டால் அதற்குக் கீழே என்ன இருந்தாலும் கணக்கில் வராது.

அவன் நன்றாகத்தான் படித்தான். ஓர் அரியர்கூட இல்லை. ஆனால் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு அந்த நான்கு வருடத்தில் வந்தவை இரண்டே நிறுவனங்கள். இரண்டும் அவன் படித்த மெக்கானிக்கலுக்குச் சம்பந்தமில்லாதவை. அப்புறம் பெங்களூருவில் அறை எடுத்துத் தங்கி வேலை தேடினான். ஒருநாள் போனில் சொன்னான்: "டீச்சர், அப்ளிகேஷன்ல காலேஜ் பேரு செலக்ட் பண்ணச் சொல்லுது. என் காலேஜ் அந்த லிஸ்ட்லயே இல்ல. 'மற்றவை'ன்னு போடறேன். அதுக்கப்புறம் பதிலே வர்றதில்ல." இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்ட்டில் இருக்கிறான். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.

என் மகனுக்குக் கட்-ஆஃப் 174. அவன் படித்ததும் அதே மாதிரியான ஒரு கல்லூரிதான். ஆனால் என் தம்பி பெங்களூருவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மேனேஜர், அவன் ரெஃபரல் கொடுத்தான், அதாவது தன் நிறுவனத்தில் சிபாரிசு செய்தான். சேர்ந்த பிறகு மகன் தன் உழைப்பில்தான் மேலே வந்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவனை உள்ளே அழைத்துப் போனது மாமாதான். அவனைவிட 13 மதிப்பெண் அதிகம் வாங்கியவனுக்கு அப்படி ஒரு மாமா இல்லை.

கல்லூரியின் பெயர் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறதா என்று கேட்டால், யாருடைய எதிர்காலம் என்று நான் திருப்பிக் கேட்பேன். அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பேசுகிறது. பெரிய கல்லூரிகளில் இடம் கிடைத்தும் சாதாரணக் கல்லூரிக்குப் போனவர்கள், பெரிய கல்லூரிக்கே போனவர்கள் அளவுக்குத்தான் பின்னாளில் சம்பாதித்தார்கள். ஆனால் வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் இது பொருந்தவில்லை. அவர்களுக்குப் பெரிய கல்லூரியால் நல்ல பலன் இருந்தது. நாடு வேறாக இருந்தாலும், இதைப் படித்தபோது என் மகனும் அந்த மாணவனும்தான் என் கண் முன் வந்தார்கள்.

மேடையில் பேசுகிறவர்கள் வீரமுத்துவேலை உதாரணம் காட்டுவார்கள். விழுப்புரத்தில் பாலிடெக்னிக், பிறகு சென்னையில் தனியார் கல்லூரி, 2023-இல் சந்திரயான்-3 திட்ட இயக்குநர். உண்மைதான், பெருமைதான். ஆனால் இடையில் அவர் திருச்சி என்.ஐ.டி.யில் முதுகலையும் சென்னை ஐஐடியில் முனைவர் பட்டமும் படித்ததை ஏன் விட்டுவிடுகிறோம்? குமரி மாவட்டத்துச் சரக்கல்விளையில் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த இஸ்ரோவின் முன்னாள் தலைவர் சிவன், 1980-இல் சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் பட்டம் வாங்கி, பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் போனவர். ஏழை வீட்டுப் பிள்ளைகளிடம் இவர்கள் கதையைச் சொல்லும்போது அந்தக் கல்லூரிகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்களிடம் ஒன்று கேட்கிறேன். முதல் எழுத்துத் தேர்வையாவது எல்லாக் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் திறந்துவிடுங்கள். தேறாதவர்களைத் தாராளமாக ஒதுக்குங்கள், ஆனால் எழுத விடாமல் ஒதுக்காதீர்கள்.

என்னைப் போன்ற ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். விருப்பப் பட்டியல் நிரப்பும் நாட்களில் பிள்ளைகளைப் பிரவுசிங் சென்டருக்கு அனுப்பாமல் பள்ளிக் கணினி அறையிலேயே உட்கார வையுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலிலும் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேருபவர்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. எங்கள் பக்கத்தில் இன்னும் பல பெற்றோருக்கு இது தெரியாது. தெரிந்தாலும் பெண் பிள்ளை என்றால் "ஹாஸ்டலா?" என்று தயங்குகிறார்கள்.

அந்த மாணவனின் தங்கை இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். போன வாரம் அவள் அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் என் வீட்டுக்கு வந்தார். இந்த முறை நான் அந்த வாசகத்தைச் சொல்லவில்லை. மூன்று பேரும் உட்கார்ந்து ஒரு நோட்டில் பட்டியல் எழுதினோம். முதலில் கிண்டி பொறியியல் கல்லூரி, அடுத்து குரோம்பேட்டை எம்.ஐ.டி., கோவை ஜிசிடி, சேலம், பர்கூர் அரசுக் கல்லூரிகள், கடைசியாகத் தருமபுரி பக்கத்துச் செட்டிக்கரை அரசுக் கல்லூரி. சென்னை ரொம்பத் தூரமாயிற்றே என்றார் அவர். சேர்க்கைக்கு நானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
அரூர், தருமபுரி மாவட்டம்.