சுற்றுச்சுவரை உயர்த்தும் முன் படியுங்கள்

தெருவாசிகள் அனைவருக்கும் வணக்கம்.

மழைக்கு முன் மதில் வேலை தொடங்க நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். தஞ்சைப் பெரிய கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2010 சட்டத் திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டருக்கு முன் அனுமதி வேண்டும். கோபுரத்திலிருந்து அளக்கக் கூடாது, எல்லையிலிருந்துதான்.

பழைய நாலடிச் சுவரில் விரிசல் விட்டால், அதே உயரத்தில் சரிசெய்துகொள்வது பழுதுபார்ப்பு; இடித்துவிட்டுத் திரும்பக் கட்டுவது அதில் சேராது. 100 மீட்டருக்குள் என்றால் அதற்கும் அனுமதி வாங்க வேண்டும். 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த கட்டடம் என்று காட்ட பழைய வரி ரசீதைத் தேடி எடுத்து வையுங்கள். ஆனால் பழைய சுவர்மேல் இரண்டு வரிசை ஹாலோ பிளாக் ஏற்றினால் கூடுதல் கட்டுமானம் ஆகிவிடும். "ரெண்டடிதானே சார்" என்று மேஸ்திரி சொல்வார், கேட்காதீர்கள். மீறினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாநகராட்சி அனுமதி மட்டும் போதாது.

காலை வெயிலில் நம் திண்ணையிலிருந்தே பெரிய கோயில் விமானம் தெரிகிறது. அதை நாமே மறைத்துவிட வேண்டாம்.

விண்ணப்பம் நிரப்ப உதவி வேண்டுமென்றால் ஞாயிறு மாலை 5 மணிக்குப் பிள்ளையார் கோயில் வாசலுக்கு வாருங்கள். வீட்டுப் பத்திர நகலும் கொண்டுவாருங்கள்.